மாமனுக்குப் போகிற வீடியோ

பச்சை வட்டம் பாதியில் நின்றுவிட்டது.

நிர்மலா கைப்பேசியை மோடத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். அதன் தலைமேலேயே வைத்துப் பார்த்தாள். அசைவேனா என்றது.

விடிந்தால் வெள்ளிமலையில், குலசாமி கோயிலில், பிள்ளைக்குக் காது குத்து. வேனுக்குச் சொல்லியாயிற்று. ஆசாரிக்கும் சொல்லியாயிற்று. உட்காரவைத்துக் குத்துவதற்குத் தாய்மாமன் மடி மட்டும்தான் இன்னும் கிடைக்கவில்லை.

கூடப் பிறந்தவன் மாயவன் ஒருத்தன்தான். சொத்துப் பிரித்த நாளோடு அவன் பேச்சை நிறுத்திவிட்டான். பத்திரிகை கொடுத்துவிட்டால் திரும்பி வந்தது. போன் போட்டால் எடுப்பதில்லை.

ஆனால் பாருங்கள், பிள்ளையின் வீடியோ எது போனாலும் நீல டிக் மட்டும் உடனே விழுந்துவிடும்.

அதனால்தான் இது. பிள்ளை எச்சில் ஒழுக, கையை நீட்டி, "மாமா, வா" என்று கூப்பிடுகிற வீடியோ.

சும்மா அனுப்பினால் முகம் மங்கிப்போகும் என்று டாகுமெண்டாகப் போட்டுவிட்டவன் அவள் புருஷன் இளஞ்செழியன். ஒரு முழு சினிமாவின் கனம் வந்துவிட்டது.

"நம்ம வூட்டு நெட்டுக்கு வாங்கறதுன்னா கை நீளும், குடுக்கறதுன்னா மடக்கிக்கும்" என்றான், தன் தப்பை மறைக்க.

நிர்மலா போய் டிவியை அணைத்தாள்.

காது குத்துக்காக ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் ராணியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "மாமன் சீர் கொண்டாந்து எறக்கற நேரமா பாத்து சீரியல நிறுத்தறியே, இன்னாடி நீ!"

"நம்ம வூட்டு மாமன் மொதல்ல வரட்டும் அத்தை."

மற்ற கைப்பேசிகளிலும் வைஃபையை அணைத்தாள். வட்டம் ஒரு நூல் நகர்ந்து மறுபடி படுத்துக்கொண்டது.

இளஞ்செழியன் மோடத்தின் ஆப்பைத் திறந்து பார்த்தான். "அந்தப் பக்கத்து டிவி இன்னும் நம்ம நெட்டுலதான் படம் பாத்துக்கினு இருக்குது. பாஸ்வேர்ட மாத்திவுடட்டா?"

"ஐயையோ, வேணாங்க! அத மாத்தினா வீடியோ போய்ச் சேரவே சேராது."

அவன் யோசித்தான். பிறகு ஆப்பை மூடினான்.

விளக்கு வைக்கிற நேரம். கரும்பு லாரி ஒன்று தெருவை அதிரவிட்டுக்கொண்டு போனது.

வட்டம் நிரம்பியது. ஒரு டிக். இரண்டு டிக். நீலம்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த சண்டைப் படம் சட்டென்று நின்றது.

அப்பா கட்டிய வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்தபோது கிணற்றுக்கு முறை வைத்தார்கள், தென்னையில் ஆளுக்குப் பாதி என்றார்கள். நெட்டைப் பிரிக்க மட்டும் இரண்டு பேருக்குமே வாய் வரவில்லை.

அந்தப் பக்கம் பிள்ளையின் குரல் கேட்டது. நின்றது. மறுபடி முதலிலிருந்து கேட்டது.

அப்புறம் ஒரு செருமல்.

"ஏ நிர்மலா! ஒம் புருசன்கிட்ட சொல்லு, வேன்ல முன் சீட்டு எனக்கு. மல ஏறினா எனக்கு வாந்தி வரும்னு ஒனக்குத் தெரியாதா?"