தள்ளி நின்ற பிள்ளை

மியூசியத்தில் சித்ராலயம் என்ற படக்கூடத்தின் கடைசி அறையில் பகவதிப்பெருமாளுக்கு அடுத்த அடி எடுத்து வைக்க முடியவில்லை.

சுவரில் அவர் மகள் உலகம்மை நின்றாள்.

யாரோ எழுதிய யாரோ ஒரு சிறுமியின் படம்தான். கையில் கிளிக்கூண்டு. ஆனால் இடது புருவத்தின் நடுவில் அந்த இடைவெளி, பொய் சொல்வதற்கு முன்னால் கீழுதட்டை உள்ளே இழுத்துக்கொள்ளும் அந்தக் கள்ளத்தனம், எல்லாம் அச்சு அசல் அவளேதான்.

உலகம்மை ஏழு வயதில் விஷக்காய்ச்சலில் போய் நாலு வருஷம் ஆகிறது. வீட்டில் அவளுக்கு ஒரு படம் கிடையாது.

படம் பிடித்தால் பிள்ளைக்கு ஆயுசு குறையும் என்று நம்பிய மனிதர் அவர். தம்பி கல்யாணத்தில் குடும்பப் படம் எடுத்தபோது, தாயை ஒட்டி நின்றவளைத் தன் கையாலேயே ஓரமாகத் தள்ளிவிட்டார். அப்படியும் அவள் தாயின் முந்தானையை விடவில்லை. படத்தில் வளையல் போட்ட அந்தச் சின்னக் கை மட்டும் விழுந்தது.

அப்படிக் காத்த ஆயுசும் தங்கவில்லை. முகமும் மிஞ்சவில்லை.

மனைவி நீலாம்பாள் அந்தப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, கையைத் தடவித் தடவியே பொழுதைப் போக்கினாள். ஒரு நாள், பிள்ளையின் முகம் மனசில் மங்குகிறது என்று சொல்லி அழுதாள். பயந்துபோய், சாலைக் கடைத்தெருவில் படம் எழுதும் கோலப்பனிடம் போனார்கள். காணாத முகத்தை எப்படி எழுதுவது, அதைப்போல ஒரு முகத்தைக் காட்டுங்கள், பார்த்து எழுதித் தருகிறேன் என்றான் அவன்.

அன்றிலிருந்து ஆரியசாலையில் இருந்த தன் கொப்பரைக் கடையை மச்சினனிடம் விட்டுவிட்டு அலைச்சல்தான். சுசீந்திரத்துச் சிலைகள், பத்மநாபபுரம் அரண்மனைச் சுவர்கள், தஞ்சாவூர், மதராஸ் மியூசியம். மூக்கு ஒத்தால் கண் ஒக்காது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்கு ஊர் சுற்றக் கேட்கிறது என்று உறவுக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் பேசினார்கள்.

கடைசியில் பார்த்தால், கரமனை வீட்டிலிருந்து பஸ் ஏறினால் எட்டிவிடும் தூரத்தில் இருந்திருக்கிறாள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை.

பெற்றவளே கண்டுபிடிக்கட்டும் என்று அவர் ஒதுங்கி நின்றார்.

முந்தின அறையைப் பார்த்து முடித்து நீலாம்பாள் வந்தாள். படத்தின் முன்னால் நின்று நிதானமாகப் பார்த்தாள். பிறகு உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்த படத்துக்குப் போனாள்.

அவர் கூப்பிட வாயெடுப்பதற்குள் அறைக் கோடியிலிருந்து அவள் விம்மும் சத்தம் கேட்டது.

அங்கே ஒரு திருவிழாப் படம். கூட்டத்தில் ஒரு பிள்ளை முதுகைக் காட்டிக்கொண்டு, தாயின் சேலையைப் பிடித்தபடி நின்றது.

"பாத்தியளா, நம்ம பிள்ளையில்லா?"

முகம் தெரியவில்லையே என்று மெல்லச் சொன்னார்.

"முகம் எதுக்கு? எம் பிள்ளைக்க கைய எனக்குத் தெரியாதா?"

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. மகளின் முகம் அவளிடமிருந்து எப்போதோ போய்விட்டது. முழுசாகப் போனது அவளுக்கே தெரியாது. இப்போது சொன்னால், அவள் இன்னொரு தரம் பிள்ளையைச் சாகக் கொடுப்பாள்.

ஆமாம், உலகம்மைதான் என்றார்.

வெளியே போக, வந்த வழியாகவே திரும்ப வேண்டியிருந்தது. கிளிக்கூண்டுச் சிறுமி பக்கத்தில் வந்ததும், பகவதிப்பெருமாள் மனைவிக்கும் சுவருக்கும் நடுவே புகுந்து நடந்தார்.

பிள்ளையை இரண்டாம் தடவையும் அவர்தான் மறைத்தார்.