கத்திரிக்கோல்

"நிறுத்திடுங்க டாக்டர்."

சொன்னது வேற யாருமில்லை, பெத்த தாய். அதுவும் மருமகள் "டாக்டர், மெஷினை..." என்று வாயெடுக்கும்போதே குறுக்கே புகுந்து, நூலைப் பல்லால் கடித்துத் துண்டிக்கிற மாதிரி சொன்னாள்.

தலைவலி என்று வேலையிலிருந்து பாதியில் வீட்டுக்கு வந்த பிள்ளை. வாசலில் ஷூவைக் கழற்றக் குனிந்தவன் நிமிரவே இல்லை. இப்போது கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கிறான். நெஞ்சு ஏறி இறங்குகிறது. பார்த்தால் தூங்குகிற மாதிரிதான் இருக்கிறது.

டாக்டரம்மா மருமகளைப் பார்த்துத்தான் கேட்டிருந்தார். "மூளை முழுசா செத்துப் போச்சும்மா. ஒண்ணுக்கு ரெண்டு தடவை சோதிச்சுட்டோம். மூச்சு அவர் விடல, மெஷின் விடுது. இனி அவர் திரும்பி வரமாட்டார். நீங்க அவர் மனைவி. நீங்கதான் சொல்லணும்."

அவளைக் கேட்டதற்குத்தான் இவள் பதில் சொல்லிவிட்டாள்.

"உனக்கென்ன பைத்தியமாம்மா?" மகள் அம்மாவைப் பிடித்து உலுக்கினாள். "தம்பி கை சுடுது. இப்பத்தான் தொட்டுப் பார்த்துட்டு வரேன்."

"சுடும். மெஷின் ஓடற வரைக்கும் சுடும்."

"பெத்த வயிறா இது?"

தாய்க்காரி கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள்.

துணி தைக்கிறவள் அவள். புருஷன் போனபிறகு தையல் மெஷினை மிதித்தே ரெண்டு பிள்ளைகளையும் ஆளாக்கினாள். எல்லாம் சரி, வாய்தான் நீளம். சோறு குழைந்தால் ஒரு பேச்சு, குழையாவிட்டால் ரெண்டு பேச்சு. வந்த புதுசிலேயே மருமகள் அவளுக்குக் 'கத்திரிக்கோல்' என்று பேர் வைத்துவிட்டாள். அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, நேராக அம்மாவிடமே வந்து போட்டுக்கொடுத்தவன்தான் உள்ளே படுத்திருக்கிறான்.

மருமகள் எழுந்து நின்றாள்.

"நான் இன்னும் பேசி முடிக்கவே இல்லையே, அத்தை."

"பேச என்ன இருக்கு. போனவன் போயிட்டான். இழுத்துப் பிடிச்சு வெச்சா எந்திரிச்சு வந்துடவா போறான்?"

டாக்டரம்மாவே தலையைக் குனிந்துகொண்டார். இப்படியும் ஒருத்தி பேசுவாளா?

"உங்க நாக்குக்கு இன்னிக்கு ஒரு நாளாவது லீவு குடுத்திருக்கலாம்." என்றாள் மருமகள். "நானா இருந்தா விட்டிருக்க மாட்டேன். கடைசி வரைக்கும் அவரை விட்டிருக்க மாட்டேன்."

"எங்களுக்குத் தெரியாதாம்மா?" மகள் அவளைக் கட்டிக்கொண்டாள். "நீ விட்டிருக்கவே மாட்டே."

ரெண்டு பேரும் அழுது ஓய்ந்தார்கள். பிறகு மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பெத்தவங்களே சொல்லிட்டாங்க. இனி நான் என்ன சொல்ல? செய்ங்க டாக்டர்."

மூன்று பேரும் கண்ணாடிக் கதவு வரை வந்தார்கள். அங்கே மருமகள் திரும்பினாள்.

"நீங்க உள்ள வரவேண்டாம் அத்தை."

தாய்க்காரி மகளைப் பார்த்தாள். மகள் வேறு பக்கம் பார்த்தாள்.

"சரி," என்றாள். கதவு சாத்திக்கொண்டது.

வெளியே நீளமான பெஞ்சு. மற்ற நோயாளிகளின் சொந்தக்காரர்களுக்கு விஷயம் எட்டிவிட்டிருந்தது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அவள் வந்து உட்கார்ந்ததும், பக்கத்திலிருந்த அம்மாள் தன் கூடையைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.

கூப்பிடு தூரத்தில் பெத்த பிள்ளை. ஒரே ஒரு தடவை அவன் கையைப் பிடித்துக்கொண்டால் போதும் என்றிருந்தது அவளுக்கு. வேறு எதுவும் வேண்டாம்.

உள்ளே போகவிருந்த டாக்டரம்மா அவளைப் பார்த்து நின்றார்.

"நீங்களும் வாங்கம்மா. நான் அவங்ககிட்ட பேசறேன்."

"வேண்டாம் டாக்டர்."

"தப்பா நினைக்காதீங்க. உங்க மருமகள் நேத்தே என்கிட்ட எல்லாம் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டாங்க. அவங்களே சொல்லியிருப்பாங்க. நீங்க கொஞ்சம் பொறுத்திருக்கலாம்."

தாய்க்காரி கண்ணாடி வழியே பார்த்தாள். மருமகள் அவன் காலடியில் நின்று போர்வையை இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். ஏசிக் குளிர் அவனுக்கு ஆகாது.

"காலையில மூஞ்சி கழுவப் போனேன். பாத்ரூம் உள்ள அவ இருந்தா. குழாயைத் திறந்து விட்டுட்டுத் தனியா பேசிட்டிருந்தா. 'டாக்டர், மெஷினை நிறுத்திடுங்க.' இதையேதான், பரீட்சைக்கு மனப்பாடம் பண்ற மாதிரி, திரும்பத் திரும்பச் சொல்றா. ஒவ்வொரு தடவை சொல்லிட்டும் வாந்தி எடுக்கறா."

டாக்டரம்மா கண்ணாடிப் பக்கம் திரும்பி மருமகளைப் பார்த்தார்.

"சின்னப் பொண்ணு டாக்டர். அவ வாயால அதைச் சொல்லிட்டா, ஆயுசுக்கும் தன்னையே திட்டிக்கிட்டுக் கிடப்பா. மாமியாரைத் திட்டினா தூக்கமாவது வரும்."

"அப்ப நான் போய் உண்மையைச் சொல்லிடறேன். நீங்க வந்து பிள்ளை கையைப் பிடிச்சுக்குங்க."

"சொல்லிடாதீங்க." அவள் டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வெட்டினது கத்திரிக்கோலாவே இருந்துட்டுப் போகட்டும்."