இருபத்தொரு இலக்கங்கள்

‘இண்டைக்கும் கேக்கப்போறார். நான் வெளிக்கிடமுதல் கேக்கப்போறார்.’

மனோகரி பல்கனிக் கதவைப் பூட்டித் திறப்பைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள். சுவிஸ் மலைநகரான லா ஷோ-து-ஃபோனில் ஐந்தாம் மாடிக்காரர்கள் பூட்டுவது குளிருக்காக. அவள் பூட்டுவது கணவர் மகேஸ்வரனுக்காக. மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் அவரை வேலையால் நிறுத்திய குளிர்காலத்தில், ஒரு விடியற்புறம் பல்கனிக் கம்பிக்கு அப்பால் அவர் காலைத் தூக்கிப் போட்டபோது, சட்டையைப் பிடித்து இழுத்தவள் அவள்தான்.

மருந்து அவரை உறங்க வைத்தது, எழுப்பவில்லை. எழுப்பியது ஒரு எண். யாழ்ப்பாணக் கம்பஸில் இருவரும் ஒரே கணித வகுப்பு. அந்தத் துணிவில் ஒருநாள் இருபத்தொரு இலக்க எண் ஒன்றை எழுதி அவரிடம் நீட்டினாள்.

“ரெண்டு எண்ணைப் பெருக்கி வைச்சிருக்கிறன். கொம்பியூட்டர் தொடப்படாது. பிரிச்சுக் காட்டுங்கோ பாப்பம்.”

அதன்பிறகு அவர் காலையில் எழுந்தார், முகம் மழித்தார், கடை விளம்பரத் தாள்களின் வெற்றிடமெல்லாம் வகுத்துப் பார்த்தார். மூன்று, ஏழு, பதினொன்று என்று தொடங்கி ஆயிரங்களைத் தாண்டிவிட்டார். எதனாலும் பிரியவில்லை.

“மனோ.”

“கோப்பி ஆறுது, குடியுங்கோ. எனக்கு பஸ் போயிடும்.”

“சின்னக் காரணியின்ரை முதல் இலக்கத்தை மட்டும் சொல்லன்.”

“கம்பஸிலை என்ரை பேப்பரை எட்டிப் பாத்த பழக்கம் இன்னும் போகேல்லையோ?”

“ஆர், நானோ? நீயெல்லோ என்னைப் பாத்து எழுதினனி!” சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. “பகிடியில்லை மனோ. எனக்கு ஏலாமல் கிடக்கு. எங்கையோ ஒரு முடிவு இருக்கெண்டு தெரிஞ்சால் இருந்திடுவன். இல்லாட்டி…”

அவர் பார்வை பல்கனிக் கதவுக்குப் போய்த் திரும்பியது. வெளியே பனி, வானத்துக்கும் கூரைகளுக்கும் வேறுபாடு தெரியாமல் கொட்டிக்கொண்டிருந்தது.

முடித்துவிட்டால் அடுத்த நாள் எதற்காக எழும்புவார் என்று அவள் யோசித்தாள். தான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் யாரோ ஒருவரின் தலையை வாரிக்கொண்டிருக்கும்போது அவரைப் பற்றிய செய்தியோடு தன் தொலைபேசி அடிக்கும் என்றும் நினைத்தாள். ஒவ்வொரு நாளும் அந்த மணிக்காகவே காதைக் கொடுத்துக்கொண்டு வேலை செய்வதில் அவளும் எப்போதோ முடிந்துபோயிருந்தாள்.

“ஒரேயொரு இலக்கம், மனோ. பிச்சை மாதிரிக் கேக்கிறன்.”

சொல்ல அவளிடம் எந்த இலக்கமும் இருக்கவில்லை. அன்று அவள் எதையும் பெருக்கவேயில்லை. ஒன்றையும் தன்னையும் தவிர உலகத்தில் வேறெந்த எண்ணாலும் பிரியாத ஓர் எண்ணைத் தேடிப்பிடித்துத்தான் அவர் கையில் கொடுத்திருந்தாள்.

“சொல்லமாட்டன். நீங்களே கண்டுபிடியுங்கோ,” என்றாள் மெதுவாக.