ஒரு சாண் கூடுதல்

பழைய பீரங்கிகள் எல்லாமே இரும்பு என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. இது மாபெரும் பிழை. பலவற்றை வெண்கலத்தில்தான் வார்த்தார்கள். இந்தத் திருத்தத்தை அருங்காட்சியகத்துக் காப்பாளர் துக்க வீட்டில்கூடச் சொல்லியிருக்கிறார். அலுவலகத்தில் அவருக்கு ‘அடிக்குறிப்பு’ என்று பெயர்.

வாசலில் வைக்கப்போகும் மாதிரிப் பீரங்கி ஜோடியில் ஒன்று தயார். அதைக் காட்டத்தான் காப்பாளர், அருங்காட்சியகத்தின் புது இயக்குநரான அம்மையாரைப் பட்டறைக்கு அழைத்து வந்திருந்தார். வந்த இடத்தில், மூலையில் சாக்குக்கு அடியில் ஏதோ மின்னியது.

“மேஸ்திரி, இது என்ன?”

வார்ப்புக்காரர் தலையைச் சொறிந்தார். “மிச்சம் சார்.”

காப்பாளர் சாக்கை விலக்கினார். பீரங்கி வாயின் அகலத்தில், ஒரு சாண் உயரத்தில், ரம்பத்தால் அறுத்த வெண்கலக் கட்டி.

“என் படத்துப்படி ஊத்தினா ஒரு பிடிகூட மிஞ்சாது. எடை போட்டுக் குடுத்தவன் நான். உள்ளே எங்கேயோ மெலிசாக்கி மிச்சம் பிடிச்சிருக்கீங்க. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறதைக் கேள்விப்பட்டிருக்கேன். சாக்குல மறைக்கிறதை இப்பத்தான் பாக்கறேன்!”

“நீங்க ஏதாவது சொல்லணுமா மேஸ்திரி?” என்றார் இயக்குநர்.

வார்ப்புக்காரர் ஒரு தடவை காப்பாளரைப் பார்த்தார். “இல்லைங்க மேடம்.”

“அப்ப ரெண்டாவது பீரங்கியை வேற பட்டறைக்குக் குடுத்துடுங்க” என்று சொல்லிவிட்டு அவர் காரை நோக்கி நடந்தார்.

அதுவரை உலையருகே நின்ற வார்ப்புக்காரரின் மனைவி கடப்பாரையோடு வந்தாள்.

“நல்லாத் திட்டினீங்க சார். இதையும் பாத்துட்டுப் போங்க.”

நெம்பினாள். கட்டி தொப்பென்று புரண்டது. அடிப்பக்கம் முழுக்கப் பொத்தல், சொத்தைப் பல்லைப் போல.

“அச்சை நட்டமா நிறுத்தி, வாய் மேலே இருக்கிற மாதிரிதான் ஊத்தறோம். காத்தும் கசடும் மேலே வந்து சேரும். அதனால ஒரு சாண் கூடுதலா ஊத்தி, ஆறினப்புறம் அறுத்து எடுத்துடணும். உங்க படத்துல அந்த ஒரு சாண் இல்லை. அதுப்படி ஊத்தியிருந்தா இந்தச் சொத்தை உங்க பீரங்கி வாயிலதான் இருந்திருக்கும்.”

“அப்ப இந்த வெண்கலம்...?”

“நீங்க குடுத்தது பீரங்கிக்கே சரியாப் போச்சு. இது இவர் சேத்து வச்சிருந்த பழசு. பத்தலேன்னு என் பானை ரெண்டும் உலைக்குள்ள போச்சு.”

“முன்னாடியே சொல்லியிருக்கலாமே...”

“ரெண்டு தடவை வந்தாரே! ‘முந்நூறு வருஷத்துப் பீரங்கியைத் தொட்டு அளந்தவன் நான், என் படத்தைத் திருத்த நீ யாரு’ன்னு கேட்டீங்களாம்.”

கேட்டிருந்தார். ஒரு வார்த்தைகூட மாறவில்லை.

“சரி... இப்ப மேடம் கேட்டப்பவாவது சொல்லியிருக்கலாமே மேஸ்திரி?”

வார்ப்புக்காரர் சாக்கை மடித்துக்கொண்டே சொன்னார்: “உங்களைவிட வயசுல சின்னவங்க. ஆனா உங்களுக்கு மேலதிகாரி. அவங்க எதிர்ல உங்க படம் தப்புன்னு எப்படிச் சார் சொல்றது?”

காப்பாளருக்குக் காது மடல் சுட்டது. அந்தக் கட்டியின் பொத்தல் ஒன்றுக்குள் புகுந்துகொள்ள முடிந்தால் தேவலை என்றிருந்தது.

“கார் இன்னும் நிக்குது. அவர் சொல்லாட்டி என்ன, நீங்க போய்ச் சொல்லுங்க” என்றாள் அவள்.

போனார். பத்தடிதான்.

“என்ன சார், முகமெல்லாம் ஒரு மாதிரி இருக்கு?” என்றார் இயக்குநர்.

காப்பாளர் காரில் ஏறி உட்கார்ந்தார்.

“பட்டறைச் சூடு மேடம்” என்று கதவைச் சாத்திக்கொண்டார். கார் திரும்பும்வரை ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை.

அடுத்த மாதம் இரண்டாவது பீரங்கி வேறொரு பட்டறைக்குப் போனது. அதற்காகக் காப்பாளர் போட்டுக் கொடுத்த புதுப் படத்தில், வாய்க்கு மேலே ஒரு சாண் கூடுதலாக இருந்தது.