காற்றுச் சோதனையன்று பல்லி சொன்னது

இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் சந்தேகிக்கிறேன். சொன்னது ஒரு பல்லி.

அதன் வீட்டில் குழந்தை ஓயாமல் இருமினாள். அலமாரிக்குப் பின்னாலிருந்த சுவர் முழுக்கக் கறுப்புப் பூசணம். காற்றைச் சோதிக்க ஆள் வருகிறார் என்றதும், விருந்தாளிக்குச் செய்வதுபோல வீட்டைக் கழுவி, சன்னல்களைத் திறந்து, சாம்பிராணி போட்டார்கள்.

சோதனைக் கருவி கூடத்தில் மூச்சிழுத்து, “சுத்தம்” என்றது.

“அலமாரிக்குப் பின்னால் பார்த்தாயா?” என்றது பல்லி.

“வைத்த இடத்தில்தான் இழுப்பேன், போடா!”

“இல்லை, இல்லை!” என்று பல்லி வீட்டாரைப் பார்த்துக் கத்தியதாம். மனிதர்களுக்குக் கேட்டது வெறும் ‘ச்சுச்சு’.

“பாத்தீங்களா, பல்லியே சொல்லிடுச்சு!” என்று தரையைத் தட்டிய அம்மா, நிம்மதியாக அலமாரியோரமே குழந்தையைப் படுக்கவைத்தாள்.

நேற்றுதான் பல்லியிடம் கேட்டேன்: “அந்த ஈரச்சுவர்ப் பூச்சிகளைத் தின்று கொழுத்தவன் நீ. அன்று ‘இல்லை’ என்றுதான் கத்தினாயா?”