தனி ஆளுக்கு ரூம்

"தனியாவா வந்திருக்கீங்க?"

ஏறி இறங்கியதில் இது மூன்றாவது லாட்ஜ். இங்கேயும் அதே கேள்வி.

"தனியாத்தான் வந்திருக்கேன். ஏன், கூடப் படை பட்டாளம் வரணுமா?" என்றாள் பி.டி. டீச்சர். பள்ளிக்கூட மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்கிற பிள்ளையும் திரும்பிப் பார்க்கிற குரல் அவளுக்கு.

மேஜைக்குப் பின்னால் இருந்த மேனேஜரம்மா அசரவில்லை. "ஆஸ்பத்திரி, ஆபீஸ் வேலை, சொந்தக்காரங்க விசேஷம்... எதுக்காவது வந்தீங்களா?"

"ஊரைப் பார்க்க வந்தேன்."

"ஊரை மட்டுமா?"

"ஊரை மட்டும்தான்."

மற்ற இரண்டு லாட்ஜிலும் இந்த இடத்தில்தான் கையை விரித்தார்கள். இந்த அம்மா டீச்சரின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அவசரத்துக்கு வீட்டு நம்பர் ஒண்ணு சொல்லுங்க" என்றாள்.

டீச்சர் நோட்டில் பேர், வேலையெல்லாம் எழுதிவிட்டு அண்ணியின் நம்பரைச் சொன்னாள். "அமைதியா, ஒரு மூலையில ரூம் கொடுங்க."

"அதோ, என் மேஜைக்கு நேர் எதிர்ல இருக்கே, அதுதான் இருக்கு."

பலகையில் மற்ற சாவிகளெல்லாம் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. டீச்சர் அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததை அந்த அம்மாவும் பார்த்தாள். ஆனால் சாவியை மாற்றவில்லை.

படுக்கையில் கிடந்த தன் அம்மாவைப் பார்த்துக்கொண்டதில் டீச்சருக்குப் பாதி வயது போயிருந்தது. அம்மா போன பிறகு வீட்டில் இருப்பே கொள்ளவில்லை. லீவு போட்டுவிட்டுக் கிளம்பினாள்.

"தனியாவா? நாலு பேர் என்ன சொல்வாங்க?" என்றாள் அண்ணி.

"அந்த நாலு பேர் இல்லாத ஊருக்குத்தான் போறேன் அண்ணி."

ஊர் அவளை ஏமாற்றவில்லை. ஸ்டேஷன் வாசலில் பையை வைத்துக்கொண்டு திகைத்து நின்றபோது, கூட்டம் அவளைச் சுற்றிக்கொண்டு போனதே தவிர, ஒருத்தர்கூட முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை. நடைபாதையில் ஒருத்தி போனில் அழுதுகொண்டே போனாள். ஒரு தலையும் திரும்பவில்லை. நம் தெருவாக இருந்தால் இந்நேரம் பத்து ஜன்னல் திறந்திருக்கும் என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள். என்ன நாகரிகமான ஊர்!

அந்த ஊரில் போயும் போயும் இந்த லாட்ஜ் வாய்த்தது.

மத்தியானம் கண் அசந்தபோது கதவு தட்டப்பட்டது. மேனேஜரம்மா கையில் டீ.

"நான் கேட்கலையே?"

"கேட்டாத்தான் கொடுக்கணுமா?"

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் தட்டல். "போர்வை ஒண்ணு போதுமா?"

அப்புறம், "குழாய்ல தண்ணி வருதா?"

சாயங்காலம் கடைத்தெருவைச் சுற்றிவிட்டு வந்தால் வாசலிலேயே விசாரணை. "எங்கெல்லாம் போனீங்க? நாளைக்கு எங்க போறதா உத்தேசம்?"

"யோசிக்கலை."

"யோசிச்சு வைங்க. காலையில கேட்பேன்." பிறகு, "எனக்குத் தனியா சாப்பிட்டா இறங்காது. வாங்களேன், ஒண்ணா சாப்பிடலாம்."

"பசிக்கலைங்க" என்று பட்டென்று கதவைச் சாத்தினாள் டீச்சர்.

கதவு மறுபடியும் தட்டப்பட்டது. தட்டில் சாப்பாடு. வாங்கிக்கொள்ளாமல் அந்த அம்மா நகர்வதாக இல்லை.

மறுநாள் காலை அண்ணி போனில் வந்தாள். குரலில் ஒரே பதற்றம்.

"ஏம்மா, உனக்கு ஒண்ணுமில்லையே? நேத்து லாட்ஜ்லேருந்து ஒரு அம்மா பேசினாங்க. 'உங்க நாத்தனார்கிட்ட அடிக்கடி பேசுங்க, தனியா விடாதீங்க'ன்னாங்க. எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. அங்க என்ன பண்ணித் தொலைச்சே?"

டீச்சருக்குச் சுர்ரென்று ஏறியது. துணிகளைப் பையில் திணித்தாள். சாவியை மேஜையில் டக்கென்று வைத்தாள்.

"இது லாட்ஜா, ஜெயிலா? மனுஷி நிம்மதியாக் கண்ணை மூட முடியலை. இதுல எங்க வீட்டுக்குப் போன் வேற! நான் என்ன, சாகவா வந்திருக்கேன்?"

மாடியில் பெருக்கிக்கொண்டிருந்த துடைப்பச் சத்தம் நின்றுபோனது.

மேனேஜரம்மா எழுந்து நின்றாள். "கோபப்படாதீங்க டீச்சர். அது எனக்கு எப்படித் தெரியும்? யார் மூஞ்சியிலயாவது எழுதி ஒட்டியிருக்கா?"

"அவ்வளவு சந்தேகம்னா மத்தவங்க மாதிரி ரூம் இல்லைன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"சொல்லலாம். லாட்ஜுக்கும் கெட்ட பேர் வராது. ஆனா எல்லாரும் இல்லைன்னு அனுப்பினா, அந்த ஆள் எங்க போவாங்க?"

டீச்சர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"எனக்கு ஒரு தம்பி இருந்தான்" என்றாள் மேனேஜரம்மா, சாவியைக் கையில் எடுத்தபடி. "நாலு இடம் சுத்திப் பார்த்துட்டு வரேன்க்கான்னு சிரிச்சுக்கிட்டேதான் கிளம்பினான். நானும் ஆசையா வழியனுப்பி வெச்சேன்."

டீச்சரின் தோளிலிருந்து பை மெல்ல இறங்கியது.

"அவன் போய்த் தங்கின லாட்ஜ் ரொம்ப மரியாதையான இடம், டீச்சர். ஒரு கேள்வி கேட்கலை. யாரும் தொந்தரவு பண்ண வேண்டாம்னு சொல்லியிருக்கான். யாருமே கதவைத் தட்டலை."