இரும்பாமை

"சங்கிலியை விடு தியாகு! துரை எவ்வளவு நேரம் காத்துக்கிட்டு இருப்பாரு?" என்று அவசரப்படுத்தினார் ஆலைக் குமாஸ்தா, கிராணி தனபாலன்.

தியாகு விடவில்லை. பாய்லர் நெருப்பை வாரி வெளியே கொட்டிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. பின்னாலிருந்த புகைப்பாதையின் வாயருகே நிற்கவே முகம் தீய்ந்தது.

"இன்னும் கொஞ்சம் ஆறட்டுமே, ஐயா."

"ஆறட்டும்னா உன் மெஷின் எதுக்கு? சூட்டோட சூடா உள்ள போய்க் கரியைச் சுரண்டும்னு நீதானே சொன்னே?"

சொன்னது தியாகுதான். காஜா பெராங்கில் இருந்த அந்தத் தேங்காயெண்ணெய் ஆலையில், புகைப்பாதைக்குள் ஆளை இறக்கித்தான் கரி எடுப்பார்கள். போன வருஷம் அப்படி இறங்கிய அவன் அண்ணன் சுப்பையனைப் பிணமாகத்தான் வெளியே எடுத்தார்கள். காரியம் முடிந்த மறுநாளே தியாகு தன் பட்டறையில் இரும்பு வெட்ட உட்கார்ந்துவிட்டான். ஆமை ஓடு மாதிரி மூடி போட்ட பெரிய கூடு, அடியில் சக்கரம், முன்னால் சுற்றும் கம்பி பிரஷ், சுற்றுவதற்கு மோட்டார், பின்னால் இழுக்கச் சங்கிலி. பார்த்தவர்கள் அதற்கு இரும்பாமை என்று பேர் வைத்தார்கள்.

வெள்ளைக்காரத் துரை நாளைக்கு ஊருக்குக் கப்பல் ஏறுகிறார். அடுத்த மாதம் மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம்; ஆலையும் கைமாறுகிறது. இன்றைக்குத் துரை கையெழுத்துப் போட்டால் ஆமை ஆலைக்குள் வரும். போடாவிட்டால் திங்கட்கிழமை மறுபடியும் ஆள்தான் இறங்க வேண்டும். இந்தத் தடவை முறை அவன் மச்சான் சேதுபதிக்கு.

"ஆமா, எங்கே உன் மச்சான்? எப்பவும் உன் வாலைப் பிடிச்சுக்கிட்டே திரிவானே?"

"செமாபோக்குல, சித்தி வீட்டுல கிடக்கான். காய்ச்சல்."

"நல்ல நாள் பார்த்தான் காய்ச்சலுக்கு!"

தியாகு இரண்டு வாளித் தண்ணீரை ஆமையின் முதுகில் ஊற்றினான். துக்காங் எமாஸ் கோயில் பிள்ளையாரை மனசுக்குள் கூப்பிட்டுக்கொண்டு சங்கிலியை விட்டான். ஆமை சரிவில் கடகடவென்று இருட்டுக்குள் நுழைந்தது.

டங்... டங்... டங்...

துரை புருவத்தைத் தூக்கினார். துரை இருமினால் தும்மல் வரும் கிராணி உடனே கேட்டார்: "என்னப்பா சத்தம் அது?"

"உள்ளே ஒரு சுத்தியல் தட்டும், ஐயா. சத்தம் வந்தா எல்லாம் நல்லா இருக்குன்னு அர்த்தம்."

"அட! ஆளுங்க உள்ளே போனா சுவத்தைத் தட்டிக் காட்டுவாங்களே, அதே மாதிரியே வச்சிருக்கியே!"

தியாகு காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். வேர்வை கண்ணில் இறங்கியும் துடைக்கவில்லை. போதும், இழுத்துவிடலாம் என்று சங்கிலியில் கை வைத்தபோது துரை விரலை ஆட்டினார்.

"லாகி! லாகி!"

"இன்னும் போகணுமாம். கடைசி வளைவு வரைக்கும்," என்றார் கிராணி.

"அங்கே சூடு அதிகம், ஐயா! வேணாம்னு சொல்லுங்க!"

"நீயே சொல்லிக்க. நான் பிள்ளைகுட்டிக்காரன்."

டங்... டங்...

சத்தம் தள்ளிப் போனது. பிறகு இடைவெளி கூடியது. பிறகு ஒரேயொரு டங். அதற்கப்புறம் ஒன்றுமில்லை.

தியாகு யாரையும் கேட்காமல் சங்கிலியைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தான்.

"டேய், துரை இன்னும் சொல்லலடா! காரியத்தைக் கெடுத்துடாதே!"

"கெட்டா கெட்டுப் போவட்டும்!"

சங்கிலி கொதித்தது. உள்ளங்கைத் தோல் அதிலேயே ஒட்டிக்கொண்டது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். போன வருஷம் அண்ணனை இழுத்ததும் இதே வாசலில்தான். அந்த நினைப்பு வந்ததும் அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆமை வெளியே வந்தது, கூடை கூடையாய்க் கரியைத் தள்ளிக்கொண்டு. தியாகு அதன்மேல் தண்ணீரைக் கொட்டினான். ஆவி சீறியது.

துரை கரியைப் பார்த்தார், புகைப்பாதைக்குள் எட்டிப் பார்த்தார், முகம் மலர்ந்தது. "பாகுஸ்!" என்றவர், கைத்தடியால் ஆமையின் முதுகைத் தட்டிக் கிராணியிடம் ஏதோ சொன்னார்.

"மூடியைத் திறந்து காட்டணுமாம்."

"இப்பவா?" தியாகு மூடிக்கும் துரைக்கும் நடுவில் போய் நின்றுகொண்டான். "நெருப்பா கொதிக்குது, ஐயா. சூடா இருக்கிறப்ப திறந்தா உள்ளே எல்லாம் கெட்டுப்போயிடும். இதைப் பாருங்க!"

உரிந்த உள்ளங்கைகளை விரித்துக் காட்டினான். துரை ஓரடி பின்வாங்கினார். பேனாவை எடுத்தார். கிராணி முதுகைக் குனிந்து கொடுக்க, அதன்மேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

"இனிமே இந்தப் பாதைக்குள்ளே ஒரு மனுஷனும் இறங்க வேண்டியதில்லைங்கிறாரு துரை," என்று சொல்லிவிட்டு, கிராணி அவர் பின்னாலேயே ஓடினார்.

இரண்டு பேரும் படியேறி மறையும்வரை தியாகு சிரித்தபடி நின்றான். மறைந்ததும் பாய்ந்துபோய் மூடியின் தாழ்ப்பாள்களைத் தட்டித் தட்டிக் கழற்றினான்.

முந்தின நாள் எரிந்துபோன மோட்டார் இருக்க வேண்டிய இடத்தில், ஈரக்கோணிகளுக்கு நடுவே சுருண்டு கிடந்த உருவம் பிரஷ்ஷைச் சுற்றிய கைப்பிடியையும் சுத்தியலையும் நழுவவிட்டு மெல்லக் கண்ணைத் திறந்தது.

"ஒரு மனுஷனும் இறங்க வேண்டாம்னாரே துரை," என்று முனகினான் சேதுபதி, "அந்தக் கணக்குல என்னையும் சேத்துக்க, மாமா."